தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர்

ஆண்டுதோறும் ஜூன் விடுமுறையில்
பூன் லேயின் பழைய புளோக்குகளில்
பிள்ளை கேட்டு வீடு வீடாகப் போனேன்,
பெண் கேட்டுப் போகிறவர்களின் சிரிப்போடு.
மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டும் நிற்கும்.
ஏழாம் மாடிக்கு ஒன்பதிலிருந்து இறங்க வேண்டும்.
கையில் பள்ளிச் சிற்றேடு;
அட்டையில் சிரிக்கும் ஐந்து பிள்ளைகளில்
மூவர் அதற்குள் வேறு பள்ளிக்கு மாறிவிட்டார்கள்.

ஒரு தலைமையாசிரியர் இப்படி அலையலாமா என்றார்
துணைத் தலைமையாசிரியர் இங்.
மறுநாள் ஓட்டப்பந்தயச் சப்பாத்தோடு வந்து நின்றார்.

அமைச்சுக் கூட்டங்களில்
என் பள்ளி திரையில் ஒரு கோடு.
இடமிருந்து வலமாகச் சரியும் கோடு.
காலை ஆறேகாலுக்கே
பூட்டிய வாயிற்கதவில் சாய்ந்து தூங்கும் ஹைக்கல்
அந்தக் கோட்டில் எந்த இடத்தில் இருக்கிறான் என்று கேட்டேன்.
அவன் அம்மா சாங்கியில் இரவு வேலை முடித்து
இன்னும் ரயிலில்தான் வந்துகொண்டிருப்பாள் என்றேன்.
காலை உணவுக்குப் பணம் வேண்டும் என்றேன்.
எந்தத் தலைப்பின் கீழ் என்றார்கள்.

தலைப்பு கிடைக்க மூன்று ஆண்டு ஆயிற்று:
வாசிப்புத் திட்டம்.
ரொட்டியும் மைலோவும் அந்தக் கணக்கில் வந்தன.
பிள்ளைகள் வாசிக்கவும் செய்தார்கள்,
மைலோ டின்னின் பின்பக்கத்தை.

ஏழாம் மாடியில் நூர்லிசா.
இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்று
சிற்றேட்டைக் கடைசி வரி வரை படித்தாள்.
இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று.
டீச்சருக்குப் பிள்ளை உண்டா?
ஒரு மகன்.
எந்தப் பள்ளி?

முப்பது பக்க அறிக்கைகளுக்கெல்லாம் பதில் வைத்திருந்தேன்.
என் மகன் தீவின் நடுவில்,
கடிகாரக் கோபுரம் வைத்த பள்ளியில் படித்தான்.
அந்தப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கத்தான்
நாங்கள் வீடே வாங்கினோம்.
வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்தவர் கணவர்.
தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர் என்றதும்
கேசரி கிண்டியவள் நான்.

பொய் நாக்கு நுனிவரை வந்தது.
பெயரைச் சொன்னேன்.

அவள் முகம் மாறவில்லை.
நல்ல பள்ளி, என்றாள்,
பேருந்து எண் சொல்வதுபோல.
பிறகு பேனா கேட்டாள்.
சுவரில் தாளை வைத்து மகளின் பெயரை எழுதினாள்:
இன்ஷிரா. பேனா சுவரில் எழுத மறுத்தது,
உதறி உதறி எழுதினாள்.

அதற்குப் பிறகுதான் கூட்டங்களில்
என் குரல் ஓங்கியதாம்.
துணிச்சல் என்றார்கள்.
விருது கொடுத்த மேடையிலும் அதையே சொன்னார்கள்.
கடன்காரியின் குரல் அது,
வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆண்டு முதல் வகுப்புக்கு இருபத்தேழு பேர்.
பள்ளியை இன்னொன்றோடு இணைத்தார்கள்.
பெயர்ப்பலகையைக் கழற்றிய அன்று
சுவரில் எட்டு ஓட்டைகள்.
இங் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார், ஏனென்று தெரியவில்லை.
இன்ஷிரா தாதியாகிவிட்டாளாம்,
இல்லை, தாதிமைப் படிப்பைப் பாதியில் விட்டாளாம்.
இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

நேற்று மகன் அழைத்தான்.
அவன் மகளுக்கு அடுத்த ஆண்டு பதிவு.
கைப்பேசியிலேயே தூரம் அளந்துகொண்டிருந்தான்,
வீடு மாறினால் கிடைக்கும் போலிருக்கிறது, அம்மா.
உன் புளோக்குக்கு எதிரே, சாலையைத் தாண்டினால்
ஒரு பள்ளி இருக்குமே,
அதன் பெயர் என்ன என்று கேட்டேன்.

பார்த்துச் சொல்கிறேன் என்றான்.