திங்கட்கிழமை, ஐந்து முதல் ஆறு வரை

இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
தூண் என்று வருகிறது.
அதனால்தானோ என்னவோ
மரச்சிராய் பரப்பிய லீக்ஸ் பாத்தியில்
ஒரே இரவில் ஒன்பது தூண்,
ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைக் கூரை.

"உதென்ன பெரிய ஆராய்ச்சி,
வெண்காளான்தானே,
தேங்காய்ப்பால் விட்டு ஒரு பிரட்டல் வை"
என்றார் குகநேசன்.
அவருடைய உலகில் இரண்டே இனம்:
கறி வைக்கலாம்,
கறி வைக்க ஏலாது.

நூலகத்தில் எடுத்த புத்தகத்திலோ
எல்லாக் காளானுக்கும் ஒரே முகம்.
எழுபதாம் பக்கத்தில் இருப்பதை உண்ணலாம்,
எழுபத்தொன்றில் இருப்பது கொல்லும்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு தாளின் தடிப்பு.

இரவு ஒரு குடையைத் தண்டிலிருந்து கழற்றி
ஆரணியின் கணக்குத் தாளின் பின்புறத்தில் கவிழ்த்து
மேலே கண்ணாடிக் கோப்பையை மூடி வைத்தேன்.
நாங்கள் தூங்கும்போது அது
தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.
காலையில் தூக்கிப் பார்த்தால்
ஆரம் ஆரமாக ஒரு சக்கரம்,
ஊதினால் கலைந்துவிடும் தூளில்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
வெள்ளையாக விழுந்தால் தொடவே கூடாதாம்.
இது கடுங்கபிலம்.
"பாத்தியே" என்றார் அவர்
தாச்சியை அடுப்பில் வைத்தபடி.
நான் அடுப்பை அணைத்தேன்.

நகரசபையின் பின்கட்டில் ஓர் அறை,
வாரத்தில் ஒரே ஒரு மணித்தியாலம்.
வரிசையில் எல்லோர் கையிலும் பிரம்புக்கூடை,
என் கையில் பாஸ்மதி அரிசிப் பை.
"பிளாஸ்டிக்கில் கொண்டுவராதீர்கள்,
அவை வேர்த்துப் போகும்"
என்றார் பரிசோதகர் ரெகுலா எஷ்லிமான்,
முழுக் குடும்பத்தையும் மேசையில் கொட்டி
ஒவ்வொன்றாகக் குப்புறப் போட்டு.

காலைப் பார்க்க வேண்டுமாம், தலையை அல்ல.
நான் பாதியை அடியோடு பிடுங்கியிருந்தேன்,
மற்றப் பாதியைக் கத்தியால் அறுத்திருந்தேன்.
அறுத்தவற்றை ஒதுக்கினார்:
"அடி இல்லாததற்குப் பெயரும் இல்லை."
பிடுங்கிய ஒன்றின் அடிக்குமிழில்
நகத்தால் கீறினார்.

மஞ்சள்.
அரைத்த பச்சை மஞ்சளின் அதே மஞ்சள்.
எங்கள் வீட்டில் அதற்கு மங்கலம் என்று பேர்.
அவர் தலையை ஆட்டினார்.

"முகர்ந்து பாருங்கள். மைக்கூடு மணக்கும்."

மையில்லை.
மருத்துவமனையின் மூன்றாம் மாடி,
காலை ஐந்தரை,
நான் துடைத்து முடித்த ஈரத் தரை
காய்வதற்கு முன் உள்ள மணம்.

வியாழக்கிழமை பிடுங்கும்போதே வந்தது அது.
என் கையிலிருந்து வருகிறதென்று நினைத்தேன்.
பதினான்கு வருடமாக வருகிறதே.
சோப்பும் எலுமிச்சந்தோலும் போட்டு
கையைத்தான் கழுவினேன்,
இரண்டு தரம்.

"சாவு வராது" என்றார் எஷ்லிமான்,
"ஆனால் விடியும் வரை வாந்தி.
வேகவைத்தால் மணம் இன்னும் கூடும்,
அதுவே போதிய எச்சரிக்கை,
மூக்கிருப்பவர்களுக்கு."

முந்நூற்றுப் பத்துக் கிராம், அழிக்கப்பட்டது
என்று சீட்டில் எழுதினார்.
இரண்டு முழ லத்தீன் பெயரை
மூச்சு விடாமல் சொன்னவர்
என் பெயரில் வந்து நின்றார்.
யோகசௌந்தரி, என்றேன்.
"இன்னொரு தரம், மெதுவாக."
யோ. க. சௌந். தரி.
பேனாவை எடுத்து என்னிடமே நீட்டினார்.

பின்னால் நின்ற பையனின் உள்ளங்கையில்
ஒரே ஒரு குட்டிக் காளான்,
பொத்திப் பொத்திச் சூடாகியிருந்தது.
"இது நல்லதா?" என்று
என்னிடம் கேட்டான்.
அடி இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.
அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய் இரவு குகநேசன்
கடையில் வாங்கிய காளான் பெட்டியைப் பிரித்து
ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்
கண்ணை மூடிக்கொண்டு வாசம் பிடித்தார்,
அடியில் நகத்தால் ஒரு கீறலும்.
ஏழாவதில் சந்தேகம் வந்தது.
"இதிலை மருந்து மணக்குதோ,
நீ ஒருக்காப் பார்."

எனக்கும் மணத்தது.
ஆனால் நான் அப்போதுதான்
வேலையால் வந்திருந்தேன்.