கிடந்த வாக்கில் ஒரு கதவு

இடிப்பு நிறுவனத்தில் என் வேலை
எடை எழுதுவது.
வெறுமனே உள்ளே வரும் லாரி, நிறைந்து வெளியே போகும் லாரி,
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்
போன மாதம் வரை யாருடைய சமையலறையோ.
கான்கிரீட் தனி, இரும்பு தனி, மரம் தனி.
மரத்தை யாரும் கேட்பதில்லை.

"எடுத்துக்கோ" என்றார் மேலாளர் வீ கியாட்,
"குப்பைக் காசு எனக்கு மிச்சம்."
மின்தூக்கி நின்று மூன்று வாரம் ஆன புளோக்கில்
ஒன்பதாம் மாடியிலிருந்து
ரஃபிகுல் முதுகில் இறங்கியது அந்தக் கதவு.
படி திரும்பும் இடமெல்லாம்
அவனோடு அதுவும் திரும்பியதாம்.
"பதினாறு தடவை, பாஸ்,
திறந்து திறந்து மூடின மாதிரி."

யோகவாணி ஒன்றும் பேசவில்லை.
சிலேத்தாரில் வாடகைக்கு எடுத்த தரைவீடு.
ஈராண்டு ஒப்பந்தம்.
எங்களிடம் இல்லாத கார் நிற்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே
காற்றோட்டக் கற்கள் நாற்பத்தொன்று,
ஒரு கழுவுதொட்டி,
ஒன்றோடொன்று பொருந்தாத ஆறு ஜன்னல் கம்பிச் சட்டங்கள்.
பிறகு சொன்னாள்:
"வீட்டுக்காரர் வந்தா
கட்டுறீங்களா இடிக்கிறீங்களான்னு கேப்பாரு."
நியாயம்தான். எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமைகள் உப்புத்தாளில் போயின.
தேய்க்கத் தேய்க்கக் கம்பியில்
வெள்ளைக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே வெளிர்நீலம்,
அதற்கும் கீழே, ஏதோ பண்டிகை அவசரத்தில்
தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்த மஞ்சள்.
அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.
அந்த மயிரைத் தாண்டித்தான் இப்போது
சங்குப்பூக்கொடி ஏறிப் போகிறது.

கற்களைக் கால்களாக அடுக்கினோம்.
சிமெண்ட் வேண்டாம் என்றாள்.
"போறப்ப பிரிக்கணும்ல."
கதவைப் படுக்க வைத்தோம்,
உள்பக்கம் கீழே, வெளிப்பக்கம் மேலே.
மேசை.
பூட்டு இருந்த ஓட்டையில் கொசுவத்திக் குச்சி நிற்கிறது.
எட்டிப் பார்க்கும் கண்ணாடியை மட்டும்
கழற்ற வரவில்லை. திருகு துருவேறிப் போச்சு
என்று சொல்லிக்கொண்டேன்.

மேசையடியில் மல்லாந்து படுத்து
நிறைமதி அதில் ஒரு கண்ணை வைக்கிறாள்.
எல்லாம் உருண்டையாக, எல்லாம் தொலைவாக.
யாரு?
மேகம் வந்திருக்கு.
யாரு?
மைனா. மூக்குதான் முழுசும்.
ஒரு மத்தியானம் வெகுநேரம் பதில் இல்லை,
பிறகு: யாருமே வரலை, வானம் மட்டும் நிக்குது.

எங்களுக்கும் ஒரு தொல்லை உண்டு.
கோப்பிக் குவளையைக் கொஞ்சம் பலமாக வைத்தால்
மூன்று பேரும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை
கொசு ஆய்வுக்கு அதிகாரி வந்தார்,
சட்டை அட்டையில் கமருத்தீன்.
கல்லுக்கு நான்கு துளை, கல் நாற்பத்தொன்று,
ஒவ்வொன்றிலும் கைவிளக்கு அடித்தார்.
தொட்டியில் அல்லிக்கடியில் கப்பி மீன்களைப் பார்த்து
ஒரு கரண்டி நீரை வெளிச்சத்தில் பிடித்தார்.
புழு இல்லை.
ஒரே ஒரு கல்லின் உதட்டில் விரற்கடை மழை.
கேட்காமலே தன் கைக்காகிதத்தால் துடைத்துவிட்டு
"இதைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க" என்றார்.

படிவம் எழுத மேசையில் குனிந்தார்.
பேனா எழுதவில்லை.
மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"யாரு?" என்றது கீழிருந்து ஒரு குரல்.

அவர் பின்னால் பார்த்தார், வாயிற்கதவைப் பார்த்தார்,
கடைசியில் அந்தச் சின்னக் கண்ணாடியைக் கண்டு
முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.
"கொசு பார்க்க வந்தேம்மா."

"அம்மா, திறக்கவா?"

யோகவாணி அடுப்பை விட்டுத் திரும்பாமல்,
"முதல்ல
தனியா வந்திருக்காரான்னு பாரு" என்றாள்.