ஏழாம் வகை

பனி உருகி முடிந்து
பிர்ச் மரங்கள் இலைவிடுவதற்குள்
பதினாறு நாள் கிடைக்கும். சில ஆண்டு பத்துதான்.
அதற்குள் பறந்துவிட வேண்டும்.
கௌத்தே விமானத்தை நூல் பிடித்தாற்போல் ஓட்டுவான்,
போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
ஏர் பூட்டியவன் மாதிரி.
வயிற்றடியில் ஒரு பெட்டி
நொடிக்கு நான்கு லட்சம் முறை
கீழே கேட்டுக்கொண்டே வரும்:
எவ்வளவு தூரம்? எவ்வளவு தூரம்?

கிளை நுனி முந்திக்கொண்டு பதில் சொல்லும்.
பிறகு நடுக்கிளை, புதர், போன வருஷத்துச் சருகு.
கடைசியாய் வருகிற பதிலைத்தான்
நிலம் என்று எழுதிக்கொள்கிறோம்.
ஆறு மட்டும் பேசாது.
ஒளியை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்.
திரையில் அது வெறும் கறுப்பு.

என் வேலை பறப்பதல்ல.
ட்ரொன்ஹெய்மில், ஜன்னலுக்கு முதுகு காட்டிய மேசையில்
புள்ளிகளை இனம் பிரிப்பது.
இரண்டு, நிலம். ஐந்து, மரம். ஆறு, கட்டடம்.
எதிலும் சேராதது ஏழு: இரைச்சல்.
காக்கைக் கூட்டம் ஏழு. புகைபோக்கிப் புகை ஏழு.
மூடுபனியின் கிழிசல் ஏழு.
மரத்தை உரித்து, வீட்டை உரித்து,
வேலியையும் அதில் முதுகு தேய்த்து நின்ற மாட்டையும் உரித்து
மண்ணை மட்டும் விட்டுவைப்பேன்.
தோலுரித்த ஆடு போல
ஒவ்வொரு தசைநாரும் தெரியக் கிடக்கும்.

ஷெல்டால் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கடல்.
பனிப்பாளத்தின் பாரம் இறங்கியதும்
கடலடிக் களிமண்ணைத் தூக்கிக்கொண்டு
நிலம் மெல்ல எழுந்தது.
பத்தாயிரம் வருஷ மழை
உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று.
உப்புதான் அதைக் கட்டிப் பிடித்திருந்தது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே;
உப்பில்லாக் களிமண்
ஓர் உலுக்கலில் மோர்.

அன்றைய நிலத்திலிருந்து
இந்த வசந்தத்தின் நிலத்தைக் கழித்தேன்.
எங்கும் பூஜ்யம், வெளுத்த சாம்பல் நிறம்.
ஆற்று வளைவில் மட்டும் நீலம்.
மூன்று மீட்டர் பத்து.
ஒட்வார் ஸ்லெத்தேயின் களஞ்சியத்துக்கு நேர் கீழே
கரையைத் தின்றிருக்கிறது.

கடிதம் போகும். நகராட்சி வழியாக, ஆறு வாரத்தில்.
நான் அன்றே தொலைபேசியை எடுத்தேன்.
எடுக்கக் கூடாது.

சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.
அவர் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"அந்தப் பழைய படத்தில் வேறென்ன தெரிகிறது?"

உரிக்காத 2013-ஐத் திறந்தேன்.
வீடு. டிராக்டர். ஏதோ குவியல், விறகாயிருக்கும்.
சமையலறைக்குத் தெற்கே, தரையைத் தொடாமல்,
இடுப்பு உயரத்துக்கு மேலே
நான்கு மெல்லிய தகடுகள் அந்தரத்தில் நின்றன,
எல்லாம் ஒரே பக்கமாய் வயிறு புடைத்து.
யாரோ அவற்றுக்கு ஏழு போட்டிருந்தார்கள்.
பக்கத்தில் பெயர்ச்சுருக்கம்: சு. எ.
அது நான்தான். சுன்னிவா எக்ரா.
வேலைக்குச் சேர்ந்த முதல் வசந்தம்.

"படுக்கை விரிப்புகள் காய்கின்றன" என்றேன்.
"எத்தனை?"
"நாலு."
"காற்று?"
"தென்மேற்கிலிருந்து."
"அப்படியானால் சனிக்கிழமை" என்றார்,
கேள்வியே இல்லாத குரலில்.
பிறகு, "மாடுகளை நாளைக்கே மாற்றிவிடுகிறேன்."
வைத்துவிட்டார்.

இந்த வருஷத்துப் படத்தில்
விரிப்பு இல்லை, கொடி இல்லை,
கொடி கட்டிய கம்பங்களும் இல்லை.
யார் என்று நான் கேட்கவில்லை.

பறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன்.
மே ஏழு. செவ்வாய்.
கூப்பிட்டுத் திருத்தவில்லை.

வளைவைச் சிவப்புக் கோட்டால் சுற்றி
அவசரம் என்று எழுதி அனுப்பினேன்.
விரிப்புகளிடம் திரும்பி வந்து
எண்களின் பட்டியலை மேலிருந்து கீழாக
இரண்டு முறை படித்தேன்.
மாற்றிப் போட வேறு எண் இல்லை.