ஒன்பது டேக்

காலையில் அவள் பிணம்.
துப்பறிபவர் தொப்பியைக் கழற்றுமுன் தும்மினாள்;
மறுபடி செத்தாள்.

மதியம் நீர்ப்பூதத்தின் மனைவி.
காதுக்குப் பின்னால் கழுவாத பச்சையோடு
டிராமேறி வீடு வந்தாள் டிரஹோமீரா.

போன மாதம் வேறொரு படம்.
கதவைத் திறந்து ஒரே வசனம்:
“இங்கே யாரும் இல்லை.”
ஒன்பது டேக்.
“நம்பும்படி இல்லையே” என்று
தலையிலடித்துக்கொண்டார் இயக்குநர்.

இன்றிரவு
ப்ராக் மழையில் நனைந்த இருவர்
அவள் கதவையே தட்டினார்கள்.
அலமாரியில், கோட்டுகளுக்கு நடுவே, தம்பி
அவளைவிட நன்றாகப் பிணமாகியிருந்தான்.

“இங்கே யாரும் இல்லை.”

மூத்தவன் நம்பினான்.
இளையவன் விளக்கருகே குனிந்தான்:
“காதுக்குப் பின்னால் என்ன, பச்சையாக?”
“தேவதைக் கதைப் படம்.”
“எப்போது வரும்? என் மகள் கேட்பாள்.”
“கிறிஸ்துமஸுக்கு” என்றாள்.

அதுவரை
அலமாரி தும்மவில்லை.