தாங்கியின் எடை

முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
எந்தத் தராசில் வைத்தாலும் அதேதான்.
மின்பேருந்தின் அடிவயிற்றில்
பேட்டரிப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும் அலுமினியத் தாங்கி.
உள்ளங்கை அகலம், மூன்று துளை.
பத்தொன்பது வருடமாக அளவு அறையில் இருக்கிறேன்.
ஒரு துளை முடியளவு நகர்ந்திருந்தாலும்
என் கையெழுத்து விழாது.

பேருந்துக் கம்பெனி இந்த முறை அனுப்பிய படிவத்தில்
விலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்:
இதைச் செய்ததில் எவ்வளவு கரியமில வாயு?
ஒரு தாங்கிக்கு. கிலோவில்.

கையில் இல்லாததை எப்படி நிறுப்பது என்றேன்.
"ஐரோப்பியச் சராசரி ஒன்று இருக்கிறது அரான்சா,
அதைப் போட்டு அனுப்பு."
கோல்டோ, விற்பனைப் பிரிவு.
எதற்கும் ஒரு சராசரி வைத்திருப்பவன்.

தாங்கியை மேசையில் வைத்துவிட்டு
பின்னோக்கி நடந்தேன்.
வார்ப்பு அச்சு, உலை, கிடங்கு,
அடுக்கிய பாளங்களின் முதுகில் பொறித்த எண்.
பில்பாவோ துறைமுகத்துத் தரகர்
மூன்று கடிதம் வரை பேசவில்லை,
நாலாவதில் ஒரே வரி:
நிலக்கரி எரித்த மின்சாரத்தில் உருக்கியது.
அப்புறம் கடல், கப்பல், அதன் எண்ணெய்.

வெளியே இவ்வளவு தேடியவள்
வீட்டுக்குள் கடைசியாகத்தான் பார்த்தேன்.
எரிவாயு மீட்டர் ஞாயிற்றுக்கிழமையும்
திங்கட்கிழமை போலவே ஓடியிருந்தது.

சாவி வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிறு போனேன்.
பள்ளத்தாக்கு முழுக்க மழை.
ஆளில்லாத கொட்டகையில்
எழுநூறு டிகிரியில் உலோகம் விழித்திருந்தது,
யாருக்காகவோ.

"அணைத்தால் மறுபடி சூடேற ஒரு ராத்திரி ஆகும்" என்றான்
உலை பார்க்கும் பெயோ.
யார் சொன்னது?
யோசித்தான். உதட்டைப் பிதுக்கினான்.

கூட்டிக் கழித்தால்
ஐந்து கிலோ அறுநூறு கிராம்.
தன் எடையைப் போல் பதினெட்டு மடங்கை
அந்தச் சின்னத் துண்டு முதுகில் கட்டிக்கொண்டு
பச்சை வண்ணம் பூசிய பேருந்துக்குள் ஏறுகிறது.
சராசரியில் பாதிகூட இல்லை.

எங்களுடையது கூட்டுறவு ஆலை,
நூற்று நாற்பது பேரும் முதலாளிகள்.
வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் கூடினோம்.
"இந்த எண்ணை எழுதினால் ஆர்டர் ஸ்லோவாக்கியாவுக்குப் போகும்,"
கோல்டோ பொய் சொல்லவில்லை.
எனக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.
ஒருவர் எழுந்து, பூசணிக்காய் பெரிதுதான்,
சோறு அதைவிட நிறைய இருக்கிறதே என்றார்.
சிலர் சிரித்தார்கள்.
நான் மேடையில் பேசிப் பழகாதவள்.
தாங்கியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்,
முன்வரிசையில் கொடுத்தேன், கைமாறிப் போனது.
லேசாகத்தான் இருக்கிறது என்றாள் பின்னாலிருந்து லெயிரே,
அதுதான் பயமாக இருக்கிறது.

எழுபத்தொன்று, அறுபத்தாறு.
மூன்று பேர் புகைக்கப் போயிருந்தார்கள்.

இனிப் பழைய ஜன்னல் சட்டங்களை உருக்கிய பாளம்,
பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து.
அதில் இரும்புக் கலப்பு கூடுதல், நாற்பது துண்டு விரிசல் விட்டது,
நாற்பதையும் நான்தான் ஒதுக்கினேன்.
படிவத்தில் இரண்டு எண் எழுதினேன்:
இன்றையது, அடுத்த வருடத்தது.
கட்டம் ஒன்றுக்குத்தான் இடம் விட்டிருந்தது,
இரண்டாவது கோட்டுக்கு வெளியே நிற்கிறது.

பதில் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை மாலை உலையைக் காலி செய்து அணைத்தோம்.
தகரம் சுருங்கி டிக், டிக் என்றது.
பெயோ வீட்டுக்குப் போகாமல்
நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தான்,
காய்ச்சல் இறங்குகிற பிள்ளையைப் பார்ப்பவன் போல.

திங்கள் விடியுமுன்பே வந்து பற்ற வைத்து
கதவில் சாக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறான்:
ஒரு ராத்திரி இல்லை.
நாலே முக்கால் மணி நேரம்.