இறங்க இலவசம்

எங்கள் கட்டடத்து மின்தூக்கி
காசு போட்டால்தான் மேலே போகும்.
பத்து தெத்ரி. பிணமானாலும் பத்து தெத்ரி.
இறங்க எதுவும் வேண்டாம்.
திபிலிசியில், க்ல்தானியின் கடைசிப் பேருந்து திரும்பும் இடத்தில்
பதினாறு தளம், நான்கு நுழைவாயில்.
வெள்ளிதோறும் உண்டியலைத் திறப்பவள்
நான், ஏத்தெரி.

காசோடு காசாக
துருக்கி நாணயம், சட்டைப் பொத்தான்,
தட்டி நெளித்த சோடா மூடி,
ஒருமுறை
ஒரு பால்பல்.

யாரிடம் சொல்வது?
அவ்தாந்திலிடம் சொன்னேன்.
"அதற்கும் மேலே போனதா?" என்று கேட்டுவிட்டுத்
தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
போயிருக்கிறது. அதுதானே விஷயம்.

"எழுதேன்" என்றாள் ஆறாவது வீட்டு நூனு.
"இலவசமாகவே கொடுக்கிறார்கள்,
நல்ல தளமாய்ப் பார்த்துப் பிடித்துக்கொள்."
தளம் என்றதும்
என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன்.

அன்றிரவு அடுப்படியில்,
பூண்டு வாசம் போகாத விரல்களால்
ஒவ்வொரு கதவாய்த் தட்டினேன்.
ஒன்று, உள்ளே விடும் முன்பே
பிறந்த நாளும் தொலைபேசி எண்ணும் கேட்டது.
இன்னொன்றுக்கு எங்கள் எழுத்து தெரியவில்லை.
முப்பத்து மூன்று வளைவுகளும்
வெற்றுக் கட்டங்களாகி நின்றன
ஆளில்லாத மின்தூக்கிகள் போல, வரிசையாக.
பளபளவென்று ஒன்று.
அதில் பால்பல்லை எழுதிப் பார்த்தேன்.
நாலாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவே
பல் கட்டும் மருத்துவமனை விளம்பரம்
பல்லைக் காட்டியது.

நூனுவின் தம்பி கோச்சா
எட்டு வருடம் காளான்களைப் பற்றி எழுதினானாம்.
எந்த மரத்தடி, எந்த மழைக்குப் பிறகு,
எது வயிற்றைக் கலக்கும், எது கொல்லும்.
ஒரு நாள் ஒரு கடிதம்: முப்பது நாள் அவகாசம்.
அவன் அப்போது போலந்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.
பார்த்தது முப்பத்து நான்காம் நாள்.
இப்போது காளான் என்றாலே
கடையில் டப்பாதான் வாங்குகிறான்.

நிபந்தனைகளைப் படித்தேன்.
யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதியவை.
நான் தெத்ரி எண்ணிப் பழகியவள்.
"எப்போது வேண்டுமானாலும்" என்ற சொல்
ஒன்பது இடத்தில் இருந்தது,
ஒருமுறைகூட எனக்காக இல்லை.

சும்மா வருமா?
இலவசம் என்றால்
உண்டியலை வேறெங்கோ மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.
நான் பார்த்தேயிராத ஏதோ ஒரு நகரத்தில்
வெள்ளிக்கிழமை ஒருத்தி அதைத் திறப்பாள்.
நான் தூங்காத மணிக்கணக்குகள்,
தட்டித் தட்டி அழித்த வாக்கியங்கள்,
எந்தச் செருப்பை இரண்டு முறை பார்த்தேன் என்பது
எல்லாம் அவள் மடியில் கொட்டும்.
கொட்டட்டும்.
பொத்தானைத் தனியே எடுத்து வைப்பாளா
என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் பிடித்தது
முட்டைக்கோஸ் சூப்பின் நிறத்தில் இருந்த ஒன்று.
அழகில்லை. தலைப்பு எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.
ஆனால் அடியில், தூசிபோல் சின்ன எழுத்தில்,
எழுதியதெல்லாம் மூட்டை கட்டி
எடுத்துக்கொண்டு போக ஒரு பொத்தான்.
மூன்று முறை அழுத்திப் பார்த்தேன்.
மூன்று முறையும் என் பல்
பத்திரமாக என் கைக்கே வந்தது.
ஏறுவதற்கு என்ன வாங்குகிறார்களோ,
இறங்க இலவசம்.
எனக்குப் பழகிய கணக்கு.

பெயர் கேட்டது.
ஏத்தெரி ஏற்கெனவே போய்விட்டாள்.
ஏத்தெரி ஒன்று, ஏத்தெரி எழுபத்தேழு,
அவர்களும் எங்கோ குடியேறிவிட்டார்கள்.
"நான்காம் நுழைவாயில்" காலியாக இருந்தது.

விடியும்போது பார்த்தேன்.
வந்தவர்: ஒருவர்.
அது நான்தான்.
வேலைக்குக் கிளம்பும் முன் மறுபடி பார்த்தேன்.
இருவர்.
அதுவும் நீதான் என்கிறாள் நூனு,
செருப்பை மாட்டியபடி,
கைப்பையில் பத்து தெத்ரி தேடியபடி,
கீழே போகிறவளுக்கு அது எதற்கு என்று
நான் கேட்கவில்லை.