கல் லாரி வரை

கஞ்சிக்கோட்டில் ஒரு கன்டெய்னர்
சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டதாம்.
வாளையாறில் நிற்கிறோம்,
இஞ்சினை அணைத்து, ராத்திரி ஒன்றேகாலுக்கு.

ஆனி மாதம். கணவாய்க் காற்று
கேரளத்திலிருந்து வரி கட்டாமல் வருகிறது.
தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து
படக் படக்கென்று அடித்துக்கொள்கிறது.
அதைக் கட்டப் போகிறவன் மாதிரி இறங்கினேன்.
உண்மையில் காதிடுக்கில் ஒரு பீடி.

பின்னால் இடம் விட்டு நின்ற டேங்கரிலிருந்து
ஒருவர் காற்றுக்கு எதிராக
அடி எண்ணிக்கொண்டே வந்தார்.
இருபத்தைந்தில் சரியாக
என் வண்டியின் பின்சக்கரம்.
விதியில் உள்ள அடி காலடியா, அளவடியா என்று
வகுப்பில் சொல்லவில்லையாம்.
அவர் காலடியை எடுத்துக்கொண்டார், அதுதான் பெரிசு.
"அர்த்தனாரி, சங்ககிரி" என்றார்,
டிரிப் சீட்டில் எழுதுவதுபோல.
அவர் காதிலும் ஒன்று இருந்தது.

"லோடாண்ணே?"
"இருகூர்ல எறக்கியாச்சுங்க. காலி."
அப்புறம் என்ன பயம் என்றேன்.
"காலிதானுங்க மோசம்.
நெறஞ்ச வண்டி தூங்கும்.
காலி வண்டில பெட்ரோல் போன பிற்பாடும்
அதோட மூச்சு உள்ள உக்காந்திருக்கும்."
மூன்று நாள் வகுப்பு.
கடைசி நாள் மதியம் எல்லோரும் தூங்கிய பிறகு
போட்ட படத்தை
இவர் ஒருத்தர் விழித்திருந்து பார்த்துவிட்டார்.
என்ன படம் என்று சொல்லவில்லை.

"நீங்க என்ன ஏத்தியிருக்கீங்க?"
சாத்தூர் தீப்பெட்டி, திருச்சூருக்கு.
அறுநூறு பண்டல்.
என் சக்கரத்தின் மேலிருந்து கையை எடுத்தார்,
தூங்குகிற நாயின் மேலிருந்து எடுப்பதுபோல.

முன்னால் போவோம் என்று நடந்தோம்.
அடுத்தது வைக்கோல்.
அதற்கடுத்து பஞ்சுப் பொதி, உள்ளே டிரைவரின் குறட்டை.
கோழிக்குஞ்சு வண்டி. அது பரவாயில்லை, ஆனால்
அத்தனை கண்கள் பார்க்க ஊதுவதற்கு மனசு வரவில்லை.
ஆக்சிஜன் சிலிண்டர்.
அர்த்தனாரி அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்தார்.

கடைசியில் கல் லாரி.
மதுக்கரை ஜல்லி, முக்கால் இஞ்சு.
கல் எதற்கும் பற்றாது.
அதன் மறைவில் குந்தினோம்,
பீடியை உதட்டில் வைத்தோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"தீப்பெட்டி?"
"எங்க வண்டில ஏத்தவே கூடாதுங்க.
கேட்டுல ஜோப்பைத் தடவிப் பாக்கறான்."
"என்கிட்ட ஏது?
பூராவும் சீல் வெச்ச பண்டல்.
ஒரு பெட்டி கொறஞ்சாலும் படில கழிப்பான்."
அவருக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்துச் சிரித்து இருமினார்,
புகைக்காமலே.

வரிசையில் நிற்கப் பொறுக்காத ஒரு வெள்ளைக் கார்
திரும்பி எங்களைக் கடந்து போனது.
கண்ணாடி இறங்கியது.
பாதி சிகரெட் ஒன்று
விழுந்து, குதித்து, பொறி உதிர்த்து
காற்றோடு கிழக்கே உருண்டது.
சிலிண்டர், குஞ்சு, பஞ்சு, வைக்கோல்,
என் அறுநூறு பண்டல்,
அதற்கும் பின்னால் அந்த மூச்சு.

அர்த்தனாரி ஓடினார், தொந்தி குலுங்க.
ஒரு செருப்பு பாதியில் கழன்றது.
குஞ்சு வண்டியோரம் பிடித்துவிட்டார்,
வெறுங்காலால் மிதித்தார்.
நான் போய்ச் சேரும்வரை
காலை எடுக்கவில்லை.
"அணைஞ்சிருச்சுங்களா?"
குனிந்து பார்க்காமல் என்னைக் கேட்டார்.

வரிசையின் தலையில் ஒரு ஹாரன்.
அப்புறம் வழிநெடுக இஞ்சின்கள்.
அவர் நொண்டிக்கொண்டு டேங்கருக்கு ஓடினார்,
இம்முறை எண்ணாமல்.

கொஞ்ச தூரத்தில்
என் விளக்கு வெளிச்சத்தில் அந்தச் செருப்பு கிடந்தது,
குதிகால் தேய்ந்து, கவிழ்ந்து.
சக்கரம் ஏறாமல் வளைத்துப் போனேன்.
பின்னால் வந்தவர் நிறுத்தி எடுத்தாரோ
என்னவோ.